உங்கட கிளி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?

எங்கள் ஒழுங்கையில் ஒரு கிளிக்கு இரண்டு வீட்டுக்காரர் உரிமை கேட்டு நின்றார்கள். முன்வீட்டு அக்காவின் கிளி ஒரு ஞாயிறு காலை கூடு கழுவும்போது கதவால் பறந்துவிட்டது. நாலாம் நாள் இரண்டு வளவு தள்ளிக் கொய்யா மரத்தில் ஒரு கிளி வந்து குந்தியிருக்க, அந்த வீட்டுப் பெடியன் மிளகாய்ப் பழத்தைக் காட்டிப் பிடித்துக் கூட்டில் போட்டுவிட்டான். அவர்கள் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு முன் ஒரு கிளி பறந்து போயிருந்ததால், போனது திரும்பி வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோசம்.

"உது எங்கட கிளி, கழுத்தைப் பாருங்கோ, வளையம் கிடக்கு" என்றார் அக்கா.

"எல்லா ஆண் கிளிக்கும் அந்த வளையம் இருக்கும்தானே அக்கா?" என்றான் பெடியன். அவன் சொன்னது சரிதான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கிளி பயத்தில் கூட்டின் மூலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசியில் அக்காவின் மகள் போனில் கிடந்த பழைய படம் ஒன்றை எடுத்துப் பெருப்பித்துக் காட்டினாள். இடது காலில் பின்விரல் ஒன்றில் நகம் இல்லை. கூட்டுக்குள் இருந்த கிளிக்கும் அதே விரலில் நகம் இல்லை. அதோடு வழக்கு முடிந்தது. அந்தப் படம் தற்செயலாக எடுத்தது, கிளியின் காலைப் படம் பிடிக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை.

வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடையாளம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. தொடையில் இருக்கும் எழுத்தைப் பார்த்ததும் இது இன்னாருடைய பட்டி மாடு என்று அடுத்த ஊர்க்காரரும் சொல்லுவார். அந்தக் குறி வேலை செய்வதற்குக் காரணம் சூடு மட்டுமல்ல, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் சுற்றிவர இருக்கிறார்கள். கிளிக்குக் காலில் வளையம் போடலாம், உடம்புக்குள் சிப் வைக்கலாம், மரபணுச் சோதனைகூடச் செய்யலாம், ஆனால் பறந்துபோன கிளி யார் கையில் அகப்படுகிறதோ அவருக்கு அதை வாசிக்க முடியுமா என்ற கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. அது மட்டுமல்ல, மாட்டின் தொடை தாங்கும் குறியைக் கிளியின் கால் தாங்காது. அடையாளம் என்று போட்ட பொருளாலேயே காலை இழந்த கிளிகள் உண்டு.

முதலில், பச்சைக் கிளிகளை ஏன் பிரித்தறிய முடிவதில்லை என்று பார்ப்போம். வன்னியில் வீடுகளில் அதிகம் காண்பது இரண்டு வகை. சாதாரணப் பச்சைக்கிளி அலகிலிருந்து வால் நுனிவரை நாற்பது சென்ரிமீற்றர் அளவு, எடை 110 முதல் 140 கிராம். மற்றது பெரிய கிளி, ஆங்கிலத்தில் அலெக்சாண்டரின் என்பார்கள், தோளில் கருஞ்சிவப்புப் பட்டை இருக்கும், அலகும் தடித்தது, எடை இருநூறு கிராமுக்கு மேல். இரண்டிலும் ஆணுக்கு மட்டும்தான் கழுத்தில் கறுப்பும் ரோசாவும் கலந்த வளையம் வரும், அதுவும் இரண்டு மூன்று வயதாகும்போதுதான் முழுதாகத் தெரியும். அதற்கு முன் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஆக, "கழுத்தில் வளையம் இருக்கு" என்பது "என்ர பிள்ளைக்கு மீசை இருக்கு" என்று பொலிசில் சொல்வது மாதிரி. வளையமில்லாத குஞ்சைப் பெண் என்று நினைத்துப் பெண்பெயர் வைத்துக் கூப்பிட்டு, மூன்றாம் வருடம் கழுத்தில் கோடு விழுந்தபோது தலையில் கைவைத்த வீடுகளும் இருக்கின்றன, எங்கள் வீடும் அதில் ஒன்று.

இப்போது காலில் போடும் வளையத்துக்கு வருவோம். பறவைக்கு வளையம் போட்டு அடையாளம் காணும் முறையை ஒழுங்காகத் தொடங்கியவர் டென்மார்க்கில் வீபோர்க் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்ட்டன்சன். 1890 இல் அவர் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார், அது பாரம் கூடிப் பறவைக்குத் தொந்தரவாக இருந்தது. 1899 இல் எண் பொறித்த மெல்லிய அலுமினிய வளையத்தோடு மறுபடி தொடங்கினார். அதாவது முதல் முயற்சியிலேயே பாதுகாப்புப் பிரச்சினை வந்துவிட்டது. காட்டுப் பறவைகளுக்கு இன்றும் அதே வழிதான், கூடவே புதிய கருவிகளும் வந்திருக்கின்றன: எங்கள் மன்னாரிலேயே கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அவை ஆர்க்டிக் பக்கம் வரை போவதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இதைக் கேட்டுவிட்டு "அப்ப எங்கட கிளிக்கும் ஒண்டைப் பூட்டுவமே" என்று கேட்பவர்களுக்கு: கிளியின் அலகு முதலில் செய்யும் வேலை, முதுகில் இருப்பதைக் கழற்றி உடைத்துப் பார்ப்பது. கடற்காகம் அப்படிச் செய்யாது.

வளர்ப்புக் கிளி வளையங்களில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. ஒன்று பொருத்தே இல்லாத மூடிய வளையம். குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் போட முடியும். லவ்பேர்ட்ஸ் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பட்ஜிக்குப் பிறந்து ஒரு வாரத்தில், பச்சைக்கிளி அளவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்தில். கிளிக்கு இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. நீளமான மூன்று விரல்களையும் முன்பக்கம் சேர்த்துப் பிடித்து, அவற்றின் மேலால் வளையத்தைப் பாதம் தாண்டி ஏற்றி, பின்னால் மடிந்து கிடக்கும் சின்ன விரலை மழுங்கிய குச்சியால் மெதுவாக இழுத்து வெளியே எடுப்பார்கள். இரண்டு நாள் பிந்தினால் ஏறாது, இரண்டு நாள் முந்தினால் கழன்று கூட்டில் கிடக்கும். வளர்ப்பவர்கள் சொல்லும் இன்னொரு தொல்லை, தாய்க்கிளி அந்தப் பளபளப்பைக் குப்பை என்று நினைத்துக் குஞ்சோடு சேர்த்து வெளியே தள்ளப் பார்ப்பது. அதனால் வளையத்தில் கொஞ்சம் எச்சத்தைப் பூசி மினுக்கத்தைக் குறைத்துவிடுவார்கள்.

மற்றது ஒரு பக்கம் திறந்திருக்கும் வளையம். வளர்ந்த கிளிக்கும் போடலாம், தனிக் குறட்டால் நெருக்கிப் பூட்டுவார்கள். ஆபத்து இதில்தான் அதிகம். சரியாக நெருக்காமல் நூலளவு இடைவெளி விட்டால், கூட்டுக் கம்பி, விளையாட்டுச் சங்கிலி, கயிற்று நார் எல்லாம் அந்த இடைவெளிக்குள் மாட்டும். கிளி பயந்து இழுக்கும், சிறகடிக்கும், கால் முறியும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் நடந்தால் மாலைவரை தலைகீழாகத் தொங்கும்.

அளவும் சும்மா விசயமில்லை. பட்ஜிக்கு உள்விட்டம் 4 மி.மீ. அளவு, பச்சைக்கிளிக்கு 7 மி.மீ. அளவு, ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கு 11 மி.மீ. அளவு. இறுக்கமானால் காலின் செதில் தோல் உரிந்து வளையத்துக்கும் காலுக்கும் நடுவே படையாகச் சேர்ந்து இரத்த ஓட்டத்தை மறிக்கும். தளர்வானால் முழங்கால் பக்கம் ஏறிச் சிக்கும், அல்லது கிளி விரலை அதற்குள் விட்டுக்கொள்ளும். உலோகத்தையும் கவனியுங்கள்: அலுமினியம் சின்ன அலகுக்குத் தாங்கும், பெரிய கிளி அதைக் கடித்து நசுக்கிக் காலோடு ஒட்டிவிடும், அதற்கு துருப்பிடிக்காத எஃகு வேண்டும். வீட்டில் கிடக்கும் கட்டுக்கம்பியை வளைத்து வளையம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்வனைஸ் கம்பியில் இருப்பது துத்தநாகப் பூச்சு, கிளி அதைக் கடித்துக்கொண்டே இருந்தால் துத்தநாகம் உடம்பில் ஏறும், அது கிளிக்கு நஞ்சு. கூட்டுக்கும் அதே கம்பியைத்தான் பாவிக்கிறோம் என்பது வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. கிளி நன்றாகப் பேசத் தொடங்கியதும் வருகிறவர்கள் எல்லாம் கண்வைக்கிறார்கள் என்று அம்மா அதன் வலது காலில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டார். நாவூறுக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு என்று நானும் பேசாமல் இருந்தேன். நூல் குளிக்கும்போது நனைந்து, காய்ந்து, இறுகி, ஒரு மாதத்தில் கண்ணுக்கே தெரியவில்லை, விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒருநாள் கிளி ஒற்றைக் காலில் நின்றது. கிளி ஒற்றைக் காலில் நிற்பது வழக்கம்தானே என்று அதையும் விட்டுவிட்டோம். மறுநாள் பார்த்தால் பாதம் வீங்கிக் கத்தரிக்காய் நிறம். நூல் விழவில்லை, தோலுக்குள் புதைந்து கிடந்தது. மிருக வைத்தியர் கிளியைத் துவாயில் சுற்றிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து இழை இழையாக எடுத்தார். அரை மணித்தியாலம். கால் பிழைத்தது. அந்த இடத்தில் சுற்றிவரச் செதில் இல்லாத வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது, இன்றைக்கு எங்கள் கிளியை ஆயிரம் கிளிக்குள்ளும் காட்டிக்கொடுக்கப் போவது அதுதான். அம்மாவிடம் இதைச் சொன்னால் கோபம் வரும்.

ஆகவே வளையம் இருக்கும் கிளியை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தினமும் தண்ணீர் மாற்றும்போது வளையத்தைப் பாருங்கள். காலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் கொஞ்சம் நகர வேண்டும். அசையாமல் நின்றாலோ, கிளி அதையே கொத்திக்கொண்டிருந்தாலோ, கீழே பாதம் தடித்திருந்தாலோ வைத்தியரிடம் போங்கள். வீட்டுக் குறட்டால் வெட்டப் போகாதீர்கள். கிளியின் கால் எலும்பு தீக்குச்சித் தடிப்பு, வளையத்தை ஒரு பக்கம் நெரிக்கும்போது அது மறுபக்கம் முறுகிக் காலைத்தான் முறிக்கும். தெரிந்த வைத்தியர்கள் கிளியை மயக்கிவைத்து, வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டி இரண்டு துண்டாக எடுப்பார்கள்.

வளையம் என்ன சொல்லும்? பெரும்பாலும் பொரித்த ஆண்டு, வளர்த்தவரின் குறியீடு, ஒரு தொடரெண். உங்கள் பெயர் அதில் இல்லை, போன் நம்பரும் இல்லை. கொழும்பிலோ வவுனியாவிலோ கடையில் வாங்கிய கிளியின் வளையத்தில் இருக்கும் எழுத்துக்கு, அதைப் பொரிப்பித்தவரின் கொப்பியில்தான் அர்த்தம் உள்ளது. ஆனால் அந்த எண்ணை நீங்கள் எழுதிவைத்திருந்தால் அது உங்களுக்கு அத்தாட்சி ஆகிறது. வாங்கும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பறந்துபோன பிறகு "ஏதோ நம்பர் இருந்தது" என்பதால் பிரயோசனமில்லை.

இந்த வளையத்துக்கு இன்னொரு அரசியலும் உண்டு. வளர்ந்த கிளியின் பாதத்தில் மூடிய வளையம் ஏறாது என்பதால், அது இருந்தால் வளர்ப்பவரின் கூட்டில் பொரித்து வளர்ந்த கிளி என்று உலகம் எடுத்துக்கொள்கிறது. சைட்டிஸ் எனப்படும் வனசீவராசி வர்த்தக உடன்படிக்கையில் அநேகமாக எல்லாக் கிளி இனமும் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. பட்ஜி, கொக்கட்டீல் என்ற கொண்டைக்கிளி, உண்மையான லவ்பேர்ட்டில் ஒரு வகை, எங்கள் சாதாரணப் பச்சைக்கிளி ஆகிய நான்கும்தான் விலக்கு. ஆபிரிக்கச் சாம்பல் கிளி 2017 தொடக்கம் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிக் கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட பறவைகளை விற்க வேண்டுமென்றால் மூடிய வளையம் இருக்க வேண்டும், அது முடியாதபோது மைக்ரோசிப். ஆனால் இதில் ஓட்டை ஒன்று இருப்பது பனையேறத் தெரிந்த எவருக்கும் விளங்கும். போர்க்காலச் செல்லடியில் தலை இழந்து நிற்கிற மொட்டைப் பனைகளின் பொந்துகளில்தான் எங்கள் பக்கத்தில் கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. அந்தப் பொந்திலிருந்து எடுத்த இரண்டு வாரக் குஞ்சுக்கும் மூடிய வளையம் அழகாக ஏறும். ஆகவே வளையம் சொல்வது, குஞ்சாக இருந்தபோது ஒரு மனிதக் கை பட்டது என்பதை மட்டும்தான். எந்தக் கூட்டில் பொரித்தது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது மரபணுச் சோதனை, தாய் தகப்பன் கிளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொந்துக் குஞ்சை மலிவாக வாங்கி வளர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. வளர்ப்பவரிடம் வாங்குங்கள், இல்லாவிட்டால் மரத்தில் இருக்கிறதைப் பார்த்துக்கொண்டிருங்கள், காசும் மிச்சம்.

மைக்ரோசிப் பற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் உலாவுகின்றன. கிளி எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம் என்பது முதலாவது. இல்லை. அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி அது, உள்ளே பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவியைச் சில அங்குல தூரத்தில் பிடித்தால் அந்தக் கருவியின் அலையிலிருந்தே சக்தி எடுத்து 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். வலியே இல்லாத சின்ன ஊசி என்பது இரண்டாவது. சாதாரண ஊசியைவிடப் பல மடங்கு தடித்த ஊசியால், பறவைக்கு இடது பக்க மார்புத் தசைக்குள் வைப்பார்கள். பறக்கும் தசை அது, இரத்தம் நிறைந்த இடம், துளையை மருத்துவப் பசையாலோ ஒரு தையலாலோ மூட வேண்டியிருக்கும். சாம்பல் கிளி, பெரிய கிளி தாங்கும். பச்சைக்கிளிக்கு வைத்தியரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது, 8 மி.மீ. நீளச் சின்னச் சிப்பும் உண்டு. முப்பது நாற்பது கிராம் பட்ஜிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

நல்ல பக்கமும் இருக்கிறது: சிப் கழராது, கம்பியில் மாட்டாது, திருடனால் வெட்டி எடுக்க முடியாது. வழக்கு என்று வந்தால் அதைப்போல அத்தாட்சி வேறு இல்லை. ஆனால் இங்கே மறுபடி அந்தப் பட்டி மாட்டுக் கணக்குத்தான். கொய்யா மரத்தில் கிளியைப் பிடித்த பெடியனிடம் வாசிக்கும் கருவி இருக்கிறதா? அவன் கொண்டுபோகும் மிருக வைத்தியரிடம் இருக்கிறதா? எங்கள் பகுதிக் கால்நடை அலுவலகங்களின் அன்றாட வேலை மாடும் ஆடும் கோழியும். அதனால் சிப் போடப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "இதை வாசிக்கிற கருவி இஞ்ச ஆரிட்ட இருக்கு?" என்பதுதான். இரண்டாவது, அந்த எண் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, போன் நம்பர் மாறினால் யாரிடம் சொல்லி மாற்றுவது. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. பறவைக்கென்று நுணுக்கமான வேலை தேவைப்பட்டால் அந்தப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம்.

மரபணு பற்றிச் சுருக்கமாக. ஆணா பெண்ணா என்று அறிய இறகு அனுப்புவது பலருக்குத் தெரியும். அதே இறகின் அடிப்பகுதித் திசுவிலிருந்து தனிக் கிளிக்கான அடையாளமும் எடுக்கலாம். கீழே விழுந்த இறகில் திசு குறைவு, பிடுங்கிய இறகுதான் நல்லது. எங்கள் ஒழுங்கைச் சண்டைக்கு இது பெரிய ஆயுதம், ஆனால் விலை கூடிய கிளி வைத்திருப்பவர் இரண்டு மூன்று இறகைத் திகதி எழுதிய கடித உறைக்குள் காயவைத்து எடுத்துவைத்தால் ஒரு சதமும் செலவில்லை. நகப்பூச்சு, சாயம், பச்சை குத்துவது எல்லாம் வேண்டாம், இறகு உதிரும்போது சாயம் போகும், அதுவரை கிளி அதை நக்கும்.

என்னைக் கேட்டால், வன்னியில் ஒரு கிளிக்கு இன்றைக்கு உள்ள சிறந்த அடையாளம் உங்கள் போன். படம் எடுங்கள், முகத்தை அல்ல. இரண்டு பாதமும் மேலிருந்தும் கீழிருந்தும், ஒவ்வொரு நகமும் தெரிய. அலகின் இரண்டு பக்கமும், அதில் உள்ள வெடிப்போடு. பெரிய கிளி என்றால், தோள்பட்டைச் சிவப்பின் ஓரம் எப்படி வளைகிறது என்பது கிளிக்குக் கிளி வேறு, அதையும் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவும் தெரியும். நகமும் அலகும் வளர்ந்து மாறும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள். பேசும்போது குரலைப் பதிவு செய்யுங்கள். யாருக்கும் சொல்லாத ஒரு சொல்லை அல்லது ஒரு சீட்டியை மட்டும் பழக்கிவைத்தால் அது பூட்டுத் திறப்பு மாதிரி.

கிளி பறந்துவிட்டால் முதல் சில மணித்தியாலம்தான் பெறுமதியானது. கூட்டில் வளர்ந்த கிளிக்குப் பறந்து பழக்கம் குறைவு, ஏறிய மரத்திலிருந்து இறங்கவும் தெரியாது, காகங்கள் சுற்றிக்கொள்ளும். அதன் கூட்டைத் திறந்து முற்றத்தில் உயரத்தில் வையுங்கள், வழக்கமான சாப்பாட்டோடு. பின்னேரம் பசி எடுக்கும்போது கூப்பிடுங்கள். கல் எறியாதீர்கள். ஒழுங்கைக் கடைகளில் படத்தைக் காட்டுங்கள், ஆனால் பாத அடையாளத்தை மட்டும் சொல்லாமல் மறைத்துவையுங்கள், கிளி கிடைத்தது என்று ஒருவர் வந்தால் அவரிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

யப்பானில் 2008 இல் தொலைந்துபோன சாம்பல் கிளி ஒன்று பொலிசாரிடம் வாயே திறக்கவில்லையாம். மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோன சில நாளில் வீட்டுக்காரரின் குடும்பப் பெயரோடு சேர்த்துத் தன் பெயரையும் தெரு இலக்கம் உட்பட முழு முகவரியையும் சொல்லிவிட்டது, அப்படியே வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வாசிக்கும் கருவி எதுவும் தேவையில்லாத அடையாளம் இது ஒன்றுதான். இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் கிளிக்கு வீட்டுப் போன் நம்பரைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், ஏழெட்டு மாதமாகிறது. "சைபர் ஏழு ஏழு" வரை தெளிவாக, என் குரலிலேயே சொல்லுகிறது. அதற்கு அப்புறம் தலையைச் சரித்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பாண்காரரின் ஓட்டோவில் போகிற அந்தப் பாட்டைச் சீட்டியடிக்கத் தொடங்கிவிடும்.